குளோரின் அக்காவின் அழுக்குக் குளம்

நகராட்சி நீச்சல் குளத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் தண்ணீரைப் பார்ப்பது ஒரு விதம், அக்கா பார்ப்பது வேறு விதம். அவர்கள் ஆழம் பார்ப்பார்கள், கால் விரலை நனைத்துக் குளிருகிறதா என்று பார்ப்பார்கள். அக்கா குனிந்து ஒரு மூச்சு இழுப்பார், அவ்வளவுதான். "இன்னைக்கு மருந்து ஒரு பிடி கம்மி" என்பார். பிறகு சோதனைப் பெட்டியைத் திறந்து, சின்னக் குப்பியில் தண்ணீர் மொண்டு, மாத்திரை போட்டுக் குலுக்கினால், ஏற வேண்டிய இளஞ்சிவப்பு கொஞ்சம் வெளுத்துத்தான் இருக்கும். குப்பியை எதற்கு வைத்திருக்கிறார் என்று கேட்டால், "மூக்கு சொன்னா மேனேஜர் நம்ப மாட்டாரே, அதுக்குத்தான்" என்பார்.

இருபத்திரண்டு வருடமாக அந்த வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி காவலாளியிலிருந்து நீச்சல் பழக வரும் வாண்டுகள் வரை எல்லோருக்கும் அவர் குளோரின் அக்காதான். காலை ஆறு மணிக்குப் பின்கதவைத் திறப்பார். ஏழு மணிக்கு முதல் ஆள் இறங்குவதற்குள் தண்ணீரில் ஒரு இலை இருக்காது, ஒரு முடி இருக்காது, அடியில் கிடக்கும் கறுப்புக் கோடு கண்ணாடி போட்டது மாதிரித் தெரியும். பதிவேட்டில் 'தாமதம்' என்று ஒரு பத்தி உண்டு. அக்கா பெயருக்கு நேரே அந்தக் கட்டம் இருபத்திரண்டு வருடமாக மை காணாமல் கிடந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார், ஆனால் கர்வம்தான்.

இப்படிப்பட்டவர் வீட்டுப் பின்பக்கம் ஒரு குளம் வெட்டினால் அது எப்படி இருக்கும்? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் நீச்சல் குளத்தை இரவில் மூடி வைக்கப் புதுப் போர்வை வாங்கினார்கள். ஓரம் கிழிந்த பழைய நீலப் போர்வையைக் குப்பையில் போடப் பார்த்தார்கள். நல்ல தடிமனான சாமான். அக்காவுக்கு மனசு வரவில்லை. சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். தோட்டத்து மூலையில், துணி காயப்போடும் கம்பிக்கு அந்தப் பக்கம், ஆறடிக்கு நாலடியில் ஒரு பள்ளம் தோண்டி, போர்வையை விரித்து, ஓரத்துக்குக் கல் வைத்து, தண்ணீர் நிரப்பினார். நீலமென்றால் அப்படி ஒரு நீலம். அடியில் செய்தித்தாளைப் போட்டால் மேலே நின்று படிக்கலாம். வீட்டுக்கு வந்தவர்கள் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள்.

குளிர் விலகி வெயில் இதமாகத் தொடங்கிய நாட்கள் அவை. ஒரு காலை அக்கா வேலைக்குக் கிளம்பும் முன் எட்டிப் பார்த்தால், தண்ணீர் மேல் கொழகொழவென்று என்னவோ மிதந்தது. கூழ் மாதிரி, நடுவே கறுப்புப் புள்ளிகளோடு, இரண்டு பெரிய கட்டி. அக்காவுக்குக் குமட்டியது. பொதுக் குளத்தில் மனிதர்கள் என்னென்ன விட்டுவிட்டுப் போவார்கள் என்று பார்த்த கண் அது. வலையை எடுத்தார், ஒரு சொட்டு விடாமல் அள்ளிச் செடி மறைவில் கொட்டினார், போதாக்குறைக்கு ஒரு பிடி குளோரினையும் தூவிவிட்டுத்தான் கிளம்பினார். அன்று முழுக்க நல்ல காரியம் செய்த திருப்தி வேறு.

சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா தலையை நீட்டினார்.

"அக்கா, ரெண்டு வாரமா நான் மெஷின்ல உக்காந்தா எனக்குத் துணையா ஒரு பாட்டுக் கச்சேரி நடக்கும். இன்னைக்குச் சத்தத்தையே காணோமே."

"என்ன பாட்டு?"

"தவளைதான். உங்க குளத்துல முட்டை போட்டிருந்துச்சே, பாக்கலையா? கூழு மாதிரி, கறுப்புப் பொட்டு வச்சு..."

அக்கா திரும்பி நடந்தார். செடி மறைவுக்குப் போய்ப் பார்த்தார். வெயிலில் எல்லாம் காய்ந்து தரையோடு ஒட்டிக் கிடந்தது. அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு உயிர் என்று தெரிந்த பிறகு அங்கே நிற்க முடியவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கணவர் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்று சொன்னார். யாரிடமாவது அடி வாங்கினால் தேவலை என்றிருந்தது, ஆனால் யார் அடிப்பார்கள்?

கணவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவில் பஸ்காரர் என்றால் தெரியும். ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய கார் வாங்கினார். வாசலில் மரத்தடியில்தான் நிறுத்த இடம். மரத்தில் குடியிருந்த பறவைகள் அந்தக் காரை என்ன பாடு படுத்தின என்பதை விவரிக்க வேண்டியதில்லை. தினம் காலை வாளியும் துணியுமாக நின்று, மேலே பார்த்துத் திட்டிக்கொண்டே துடைப்பார். பின்பக்கத்துச் சந்தில் ஒரு கதவு உண்டு. அதன் வழியாகக் காரைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்து, மூலையில் ஒரு கூரை போட்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அந்த மூலையில்தான் குளம் இருந்தது.

"தவளையும் இல்ல, மீனும் இல்ல. சும்மா தண்ணி. இதுக்கு ஒரு பள்ளமா?" என்றார். "மூடிடலாம்மா. வண்டி பாவம்."

அக்கா முதல் முறையாக ஒற்றைக் காலில் நின்றார். "அடுத்த தடவை முட்டை போட வரும். வந்தா வளந்து வெளிய போற வரைக்கும் நான் பாக்கணும்."

"ஒரு தடவை மருந்து போட்ட இடத்துக்குத் திரும்ப வருமா?"

"வரும்."

"வரலைன்னா?"

"அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் லீவு விடுறதுக்குள்ள ஒரு தவளையாவது என் குளத்துலேர்ந்து ஏறி வெளிய போகலைன்னா, நானே மண்ணு அள்ளிப் போட்டு மூடுறேன். நீங்க கூரை போட்டுக்குங்க."

பஸ்காரர் நேரம் தவறாத மனிதர், வாக்கும் தவறாதவர். ஒப்புக்கொண்டார். ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. மறு வாரமே ஐந்நூறு செங்கல் இறக்கி, குளத்துக்கு நாலு எட்டுத் தள்ளி வரிசையாக அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடி வைத்துவிட்டார். "அவசரமில்ல, சும்மா இருக்கட்டும்" என்றார். அக்கா தினமும் துணி காயப்போடும்போது அந்தச் செங்கல் அடுக்கு அவரைப் பார்த்தபடியே இருந்தது.

அதற்கப்புறம்தான் அக்காவின் உண்மையான வேலை ஆரம்பித்தது. வேலை என்ன தெரியுமா? ஒன்றும் செய்யாமல் இருப்பது.

சொல்வதற்குச் சுலபம். குளத்தை ஒருமுறை காலி செய்து, மருந்து வாடை போகும் வரை காய வைத்து, மழைத் தண்ணீர் பிடித்து நிரப்பினார். ஓரத்துச் சுவர் நீச்சல் குளம் மாதிரி நெட்டுக்குத்தாக இருந்ததைச் சரித்து, கல்லும் மண்ணுமாக ஒரு சரிவு போட்டார். குட்டிகள் ஏறிப் போக வழி வேண்டுமே. ஒரு குட்டையிலிருந்து நாலு வேர் நீர்ச்செடி கொண்டுவந்து நட்டார். அதோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இலை விழுந்தது, எடுக்கக் கூடாது. பாசி படர்ந்தது, தேய்க்கக் கூடாது. நீலமெல்லாம் போய்த் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. அக்காவுக்குக் கை துறுதுறுத்தது. ஒருநாள் தன்னை அறியாமல் வலையோடு குளத்தருகே வந்து நின்றுவிட்டார். நல்ல வேளை, பஸ்காரர் பார்த்துவிட்டார்.

"என்ன, சுத்தம் பண்றியா?"

"இல்ல, சும்மா எடுத்துட்டு வந்தேன்."

"அப்ப சும்மா கொண்டு போய் வச்சிடு."

வலையைக் கொண்டுபோய்ப் பரணில் போட்டார். அதன் பிறகு ஏணி இல்லாமல் அதை எடுக்க முடியாது.

குளிர் காலம் போயிற்று. வெயில் இதமானது. அக்கா தினமும் ஐந்து மணிக்கு எழுந்து முதல் வேலையாகக் குளத்தைப் பார்ப்பார். ஒன்றுமில்லை. மறுநாளும் ஒன்றுமில்லை. தையல்காரம்மா வேலி மேல் முகவாயை வைத்துக்கொண்டு, "கோவமா இருக்கும்க்கா. நமக்கே ஒரு வீட்டுல அவமானப்படுத்துனா திரும்பப் போவோமா?" என்றார். ஆறுதல் சொல்வதில் அந்த அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது.

மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, செடிக்குப் பக்கத்தில் கொழகொழவென்று ஒரு கட்டி. கறுப்புப் பொட்டு வைத்து.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். இரவு உடுத்திய உடையோடு ஈர மண்ணில் அப்படியே. பிறகு எழுந்து உள்ளே போய்க் கணவரை உலுக்கினார். பஸ்காரர் அரைத் தூக்கத்தில், "எந்த ஸ்டாப்பு?" என்றார்.

"வந்திருச்சுங்க. வந்திருச்சு."

பொட்டு நீண்டது, கமா ஆனது, பத்தாம் நாள் வாலாட்டிக்கொண்டு வெளியே வந்தது. ஆயிரக்கணக்கில் தலைப்பிரட்டைகள். காலையில் வெயில் படும் பக்கம் கறுப்பாய் மொய்த்துக் கிடக்கும். அக்காவின் நிழல் விழுந்தால் ஒரே நேரத்தில் சிதறும். அக்கா வேலையிலிருந்து வந்தால் கைப்பை தோளில் இருக்கும்போதே குளத்துக்குத்தான் போவார். நீச்சல் குளத்தில், "ஓடாதே, தள்ளாதே, தள்ளினா வெளிய அனுப்பிடுவேன்" என்று விசில் ஊதுகிறவர், இங்கே ஒன்றையொன்று தள்ளி மிதித்து நீந்துவதைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக நிற்பார்.

தண்ணீர் குறைந்தால் ஊற்ற வேண்டும். மழை இல்லை, குழாய்த் தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று அந்த ஊரில் அக்காவைவிட யாருக்குத் தெரியும்? ஆறு வாளிகளில் பிடித்து, இரண்டு நாள் வெயிலில் திறந்து வைப்பார். பழைய சோதனைப் பெட்டி ஒன்று வீட்டில் உண்டு. மாத்திரை போட்டுக் குலுக்குவார். துளி இளஞ்சிவப்பு தெரிந்தாலும் அந்த வாளி இன்னும் ஒரு நாள் நிற்க வேண்டும். குப்பி வெறும் தண்ணீராய் நின்றால்தான் குளத்தில் ஊற்றுவார். இருபத்திரண்டு வருடமாக நிறம் வரவில்லையே என்று கவலைப்பட்டவர், இப்போது நிறம் வந்துவிடக் கூடாதே என்று பார்த்தார்.

இதையெல்லாம் செய்தாரே தவிர, ஏன் செய்கிறார் என்று கணவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்று இவர் நினைத்தார். இவருக்குச் சுத்தப் பைத்தியம், தண்ணீரைக்கூட வெயிலில் காயப்போடுகிறார் என்று அவர் நினைத்தார். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தால் இப்படித்தான் ஆகும்.

பள்ளி விடுமுறைக்கு மூன்று வாரம் இருந்தது. வெயில் திடீரென்று கொளுத்தத் தொடங்கியது, வாளி வாளியாக ஊற்றியும் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கியது. தலைப்பிரட்டைகளுக்குப் பின்னங்கால் முளைத்துவிட்டது, முன்னங்கால் இன்னும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து நீச்சல் குளத்தில் வருடாந்திரப் பெரிய சுத்தம். தண்ணீரை வடித்துவிட்டுத் தரை தேய்க்கும் வேலை. அக்கா இரண்டு நாளும் காலையிலிருந்து மாலை வரை அங்கேதான். முதல் நாளே வாளிகளைக் குளத்தில் ஊற்றிக் காலி செய்துவிட்டிருந்தார். மறுநாள் பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

இரண்டாம் நாள் மாலை நாலரைக்கு வீடு திரும்பி, வாசல் கதவில் கை வைத்தார். கதவைத் திறக்கவில்லை. அப்படியே நின்றுவிட்டார். மூக்கு சொல்லிவிட்டது. தன் உடம்பிலும் உடையிலும் ஊறிப்போன வாடை இல்லை, இது புதுசு. வேறு யார் வந்து நின்றிருந்தாலும் வெயிலும் மண்ணும்தான் மணத்திருக்கும். அக்காவுக்குக் குளோரின் மணத்தது.

ஓடினார்.

பஸ்காரர் நாற்காலி போட்டுக் குளத்தருகே உட்கார்ந்திருந்தார். கையில் டீ. முகத்தில் அப்படி ஒரு பெருமை. ரப்பர் குழாய் குளத்துக்குள் கிடந்தது, தண்ணீர் விளிம்பு வரை தளும்பியது.

"வா வா. மத்தியானம் பாத்தா பாதிக்குக் கீழ போயிருச்சு. எல்லாம் ஒரு மூலையில கிடந்து வாயைத் தொறந்து தொறந்து மூடுது. எனக்கு மனசு கேக்கல. வாளியில ஒண்ணுமில்ல. அதான் நேரா குழாயைப் போட்டேன். இப்பத்தான் நிறுத்துனேன்."

அக்கா குனிந்தார். தலைப்பிரட்டைகள் மொய்க்கவில்லை. மேலே வந்து வாய் திறந்தன, கோணலாகச் சுற்றின, கீழே போயின. சில போகவில்லை, மிதந்தன. குப்பியில் மொண்டு மாத்திரை போட்டார். இளஞ்சிவப்பு.

"ஏம்மா? என்ன?" டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"இதுல மருந்து இருக்குங்க. போன வருஷம் நான் போட்டேனே, அதே மருந்து. குழாய்லயே வருது."

பஸ்காரர் முகம் செத்துவிட்டது.

திட்டுவதற்கு நேரமில்லை. அக்காவுக்குத் தலை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. நீச்சல் குளத்தின் சாமான் அறையில் மேல் தட்டில் ஒரு ஜாடி உண்டு. குளோரின் கூடிப்போனால் அதை முறிக்கப் போடும் உப்பு. அக்காவின் கையில் குளோரின் கூடியதே இல்லை என்பதால் அந்த ஜாடி தூசி படிந்து கிடந்தது. அறைச் சாவி மேனேஜரிடம். மேனேஜர் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார்.

"வண்டியை எடுங்க" என்றார். பிறகு வேலிப் பக்கம் திரும்பி, "தையல்காரம்மா! வாங்க இங்க. இந்தச் சொம்பால மொண்டு மொண்டு மேலேர்ந்து ஊத்திக்கிட்டே இருங்க. தண்ணியில காத்துப் படணும். நான் வர்ற வரைக்கும் கை நிக்கக் கூடாது."

தையல்காரம்மா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு அப்படியே வேலிச் சந்தில் நுழைந்து வந்தார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. அதற்காகவே அவர் முன்பு சொன்ன ஆறுதல்களையெல்லாம் மன்னித்துவிடலாம்.

பஸ்காரர் ஓட்டினார். முப்பது வருடத்தில் ஒரு சிவப்பு விளக்கைக்கூடத் தாண்டாத மனிதர், அன்றும் தாண்டவில்லை. ஆனால் பச்சை விழுந்த நொடியில் அந்தப் பழைய கார் பறந்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் பறந்ததில்லை. மேனேஜர் பூட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். அக்காவைவிடப் பதினைந்து வயது சின்னவர், சட்டம் பேசுகிறவர்.

"அந்த ஜாடியா? அது எதுக்குக்கா? குளமே காலியா கிடக்கு."

"எங்க வீட்டுக் குளத்துக்கு."

"உங்க வீட்டுலயும் ஆளுங்க நீந்துறாங்களா?"

"ஆமா. கால் முளைச்சது, முளைக்காதது, நிறையப் பேர். செத்துக்கிட்டு இருக்காங்க."

மேனேஜர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். மறுபேச்சு இல்லாமல் பூட்டைத் திறந்தார். "நோட்டுல அப்புறம் எழுதிக்கலாம், ஓடுங்க" என்றார். சட்டம் பேசுகிறவர்களிலும் நல்லவர்கள் உண்டு.

திரும்பும் வழியில் அக்கா பழைய டிக்கெட் ஒன்றின் பின்பக்கம் கணக்குப் போட்டார். நாலு லட்சம் லிட்டருக்கு மருந்து அளந்து பழகிய கை. வீட்டுக் குளம் தொள்ளாயிரம் லிட்டர். குறைந்தால் முறியாது, கூடினால் அதுவும் கெடுதல். ஒருமுறைக்கு மூன்று முறை போட்டுப் பார்த்தார். சோதனைப் பெட்டியின் சின்னக் கரண்டியால் தலைதட்டி மூன்று கரண்டி. அதற்கு மேல் ஒரு கல் கூடாது.

தையல்காரம்மா நனைந்து தொப்பலாகி ஊற்றிக்கொண்டே இருந்தார். அக்கா உப்பை ஒரு சொம்பில் கரைத்து, ஓரத்தைச் சுற்றி நடந்தபடி மெல்ல விட்டார். ஐந்து நிமிடம் கழித்துக் குப்பியில் மொண்டார். மாத்திரை. குலுக்கல். லேசான சிவப்பு. இன்னும் ஐந்து நிமிடம். மூன்று பேரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். குப்பியில் மாத்திரை கரைந்து முடிந்தது. நிறம் வரவில்லை. தண்ணீர் தண்ணீராகவே நின்றது.

அக்கா குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதார்.

செத்தவற்றை அன்று மாலையே எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் மற்றவற்றுக்குக் கெடுதல். பஸ்காரர் ஏணி போட்டுப் பரணிலிருந்து வலையைக் கொண்டுவந்தார். அக்கா அள்ள அள்ள, அவர் பிடித்திருந்த தட்டு நிறைந்துகொண்டே போனது. எண்ணவில்லை. செடியடியில் குழி வெட்டிப் புதைத்தார்கள். அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"நான் கூரைக்காகப் பண்ணலைம்மா. சத்தியமா நல்லதுதான் நெனச்சேன்."

"தெரியும்" என்றார் அக்கா. மண்ணைத் தட்டிவிட்டு அவர் தோளைப் பிடித்து எழுந்தார். "போன வருஷம் நானும் நல்லதுதான் நெனச்சேன்."

மறுநாள் விடியும்போது இருவரும் சேர்ந்தே குளத்துக்குப் போனார்கள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அக்காவுக்கு எட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பஸ்காரர்தான் முன்னால் போய்க் குனிந்தார். அவர் நிழல் தண்ணீரில் விழுந்தது. செடிக்கடியிலிருந்து கறுப்பாக ஒரு கூட்டம் சட்டென்று சிதறி ஓடியது.

"இருக்காங்கம்மா!" என்று கத்தினார். "நிறைய இருக்காங்க! ஃபுல் லோடு!"

அன்றிலிருந்து வாளி பிடித்து வைக்கும் வேலை பஸ்காரருடையது. வாளிகளுக்குச் சாக்கட்டியால் எண் போட்டார், பிடித்த நேரம் எழுதினார். குப்பியில் மாத்திரை போட்டுக் குலுக்கிச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். தானே பார்த்தது போதாதென்று வேலிக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மாவிடமும் காட்டுவார். அவர் ஒத்துக்கொண்டால்தான் ஊற்றுவார். ஆனால் வாக்கு வாக்குதான். செங்கல் அடுக்கு அங்கேயே இருந்தது, தேதியும் மாறவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

முன்னங்கால் முளைத்தது. வால் சுருங்கியது. ஆனால் ஒன்றும் வெளியே வரவில்லை. விரல் நகம் அளவுக்குக் குட்டித் தவளைகள் சரிவில் ஏறி வரும், விளிம்புக் கல் வரை வரும். அதற்கு மேல் தரை காய்ந்து சுட்டது. திரும்பத் தண்ணீருக்குள் போய்விடும். பள்ளி விடுமுறைக்கு ஒரு வாரம். ஐந்து நாள். மூன்று நாள். அக்கா வானத்தைப் பார்த்தார், பஸ்காரரும் காரைத் துடைக்காமல் வானத்தைப் பார்த்தார்.

விடுமுறைக்கு முந்தின நாள் விடியற்காலையில் மழை பெய்தது. சும்மா தூறல் இல்லை, கொட்டித் தீர்த்தது. அக்கா ஐந்தரைக்குக் குடையும் கைப்பையுமாகக் கிளம்பி, போகிற போக்கில் குளத்தை எட்டிப் பார்த்தார்.

தரை நகர்ந்தது.

சரிவு முழுக்க, விளிம்புக் கல் முழுக்க, புல் முழுக்கக் குட்டித் தவளைகள். நூறு, இருநூறு என்று பார்த்த இடமெல்லாம் தத்தித் தத்திப் போயின. வால் போகாத ஒன்றிரண்டு கூட அவசரமாகக் கூட்டத்தோடு கிளம்பிவிட்டன. எல்லாம் ஒரே திசையில், எங்கே தெரியுமா? தார்ப்பாயின் கீழே. செங்கல் அடுக்குக்குள். ஒரு வருடமாக நிழலும் ஈரமுமாகக் கிடந்த அந்தச் சந்துகளுக்குள், ஒன்றன் பின் ஒன்றாக, குடித்தனம் வந்தவர்கள் மாதிரி நுழைந்துகொண்டிருந்தன.

"ஏங்க!" என்று அக்கா போட்ட சத்தத்தில் தெருவே எழுந்திருக்கும்.

பஸ்காரர் வந்தார். பார்த்தார். காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒற்றைக் காலில் நின்றார். அப்போது சந்துக் கதவு கிறீச்சென்றது. குளத்தை மூடிக் கூரை போட அவர் போன மாதமே சொல்லி வைத்திருந்த கொத்தனார், நாளைக்கு வேலை தொடங்குகிறதே, செங்கல்லைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று வேலைக்குப் போகும் வழியில் வந்து நின்றார். உள்ளே ஒரு காலை எடுத்து வைக்கப் போனார்.

பஸ்காரர் கையை உயர்த்தினார். முப்பது வருடம் நடுரோட்டில் லாரிகளையே நிறுத்திய கை.

"அங்கயே நில்லுங்க! உள்ள வராதீங்க!"

"என்ன சார் ஆச்சு? செங்கல்லை..."

"செங்கல்லைத் தொடக் கூடாது. உள்ள ஆளு இருக்காங்க."

"யாரு சார்?"

"எங்க வீட்டு ஆளுங்க. கூரை வேண்டாம், வேற வேலை இருந்தா பாருங்க. வண்டிதானே, நனைஞ்சா காயும்."

கொத்தனார் குனிந்து பார்த்தார். பேசாமல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வந்த தடத்திலேயே பின்னால் எட்டு வைத்து வெளியே போனார். தையல்காரம்மா வேலி மேல் முகவாயை வைத்தபடி, "என்னக்கா, இவ்வளவு பேரை ஒண்ணா அனுப்புறீங்க, ஒரு சத்தமும் காணோம்? பெத்தவங்க மாதிரி பாட மாட்டாங்களா?" என்றார்.

அக்கா குட்டிகளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மணி ஆறு தாண்டியது. அவருக்குத் தெரியும். ஆறரை. தெரியும். குடையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு மழையிலேயே நின்றார். போன வருடம் அதே மூலையில் காய்ந்து ஒட்டிப்போனவை இருந்த இடத்தைத் தாண்டி, செடியடியில் புதைத்த இடத்தையும் தாண்டி, இவை போய்க்கொண்டே இருந்தன. கடைசிக் குட்டி விளிம்புக் கல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசித்தது. பிறகு அதுவும் குதித்துப் போயிற்று.

அக்கா நீச்சல் குளத்துக்குப் போய்ச் சேரும்போது மணி எட்டு பத்து. தலையிலிருந்து கால்வரை நனைந்து, கால் முழுக்கச் சேறு. வாசலில் ஐம்பது பேர் தோளில் துண்டோடு வரிசையில் நின்றார்கள். மேனேஜர் ஒருவரையும் உள்ளே விடவில்லை. "அக்கா மோந்து பாக்காம யாரும் இறங்க முடியாது" என்று சொல்லி வைத்திருந்தாராம். அக்காவைப் பார்த்ததும் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பேனாவைத் திறந்து, இருபத்திரண்டு வருடமாக வெள்ளையாகக் கிடந்த கட்டத்துக்கு மேல் பிடித்தார். எழுத அவருக்குக் கை வரவில்லை.

"காரணம்னு ஒண்ணு போடணும்க்கா. உடம்பு சரியில்லைன்னு போட்டுடவா?"

"உடம்புக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கேன்" என்றார் அக்கா. முகத்தில் வழிந்த மழைத் தண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "உள்ளதை எழுதுங்க. வீட்டுலேர்ந்து நானூறு பேர் கிளம்புனாங்க. வழியனுப்பி வச்சுட்டு வந்தேன்."